நடுமரத்தின் இடப்பக்க ஏணி

என் மாமனாரின் கப்பலில், நடுமரத்தின் இடப்பக்க ஏணி முழுவதும் என் மாமியார் போட்ட முடிச்சுகள். வலப்பக்கம் அடியில் நாலைந்து படிகள் மட்டும் மாமனாருடையவை. அதற்கு மேல் வெறும் கயிறுகள். அத்தை இறந்து ஒரு வருடமாகியும் கப்பல் அப்படியேதான் நின்றது, சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில். மறு பாதியில் தட்டு வைத்துச் சாப்பிடுவார்கள்.

தூங்கும் கைக்குழந்தையின் நீளம் இருக்கும் கப்பல். மூன்று பாய்மரங்கள். மாமனார் அதற்கு முன்பு செய்தவையெல்லாம் சின்னப் படகுகள். செய்து முடித்ததும் பல் டாக்டர்களுக்குக் கொடுத்துவிடுவார். இந்த ஊரில் பல்வலியோடு காத்திருப்பவர்கள் பலர் அவருடைய படகைப் பார்த்துக்கொண்டுதான் காத்திருக்கிறார்கள். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

அவர் வேலை பல் லேபில். டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சைப் பையில் போட்டு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை எடுத்து, மெழுகில் செதுக்கிப் பார்த்து, இல்லாத பல்லைச் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். வாய்க்குச் சொந்தக்காரரை அவர் பார்ப்பதே இல்லை. அதனாலோ என்னவோ, தெருவில் யாராவது சிரித்தால் முகத்தை விட்டுவிட்டுப் பல்லைப் பார்ப்பார். கல்யாணத்துக்கு முன் என்னையும் அப்படித்தான் பார்த்தார். நான் அதிகம் பேசாதவன், அவருக்குப் பார்க்க ஒன்றும் கிடைத்திருக்காது.

பல்லைத் தேய்க்கும் சின்னச் சின்ன முனைகள் மழுங்கிவிட்டால் லேபில் தூக்கியெறிந்துவிடுவார்கள். மாமனார் அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். பல்லுக்கு மழுங்கியது மரத்துக்குக் கூர்மையாகவே இருந்தது. தச்சர் கடையில் மிஞ்சிய மரச் சிம்புகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, கப்பலின் உடம்பில் இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை என்று ஒட்டுவார். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் உடம்பு அந்தப் பக்கமாக முறுக்கிக்கொள்ளும். கப்பல் செய்வதில் தனக்குத் தெரிந்ததே இவ்வளவுதான் என்பார். தளத்துக்கு அடியில் சமையல்காரன் அறை, அடுப்பு, அடுப்புமேல் ஒரு பாத்திரம் எல்லாம் செய்து வைத்து, மேலே பலகை போட்டு மூடிவிட்டார்.

"யாரு பாக்கப் போறாங்க இத?" என்றார் அத்தை.

"பாக்கறதுக்கா? அவன் சமைக்கணும்ல."

ஆனால் கப்பலிலோ படகிலோ அவர் ஏறியதே இல்லை. பஸ்ஸில் ஓட்டுநருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாலே குமட்டிக்கொண்டு வரும்.

அத்தை தையல் கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பவர். இடதுகைப் பழக்கம். எல்லோரும் ஊசியை விடும் பக்கத்திலிருந்து அவருக்கு ஊசி வரும். ஏணி போடும் கட்டம் வந்தபோது, "தள்ளுங்க, உங்க வெரல் இதுக்கு ஆவாது" என்று அவரே ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

ஏணி என்பது இதுதான். பாய்மரம் சாயாமல் இருக்க அதன் உச்சியிலிருந்து கப்பலின் இரண்டு விளிம்புகளுக்கும் கயிறுகள் இறங்கும். அந்தக் கயிறுகளுக்குக் குறுக்கே மெல்லிய நூலை ஓட்டி, நூல் கயிற்றைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிச்சு. வரிசை மேல் வரிசையாகப் போனால் மாலுமிகள் ஏறும் ஏணி. இரண்டு பக்கமும் இழுப்பு சமமாக இருக்கட்டும் என்று மாமனார் ஒவ்வொன்றையும் ஒரே கயிறாக விட்டிருந்தார்: இடது விளிம்பில் கிளம்பி, உச்சியைச் சுற்றி, வலது விளிம்பில் வந்து முடியும். உச்சியில் இறுக்கிக் கட்டுவது கடைசியில், இரண்டு ஏணியும் முடிந்த பிறகு.

முதலில் இரண்டு பேரும் சேர்ந்துதான் போட்டார்கள். ஜன்னல் பக்கம் அத்தை ஒரு முடிச்சு. எதிரில் மாமனார் ஒரு முடிச்சு. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். பிறகு லேபில் வேலை நெருக்கியது. மாமனார் வீட்டுக்கு வருவதே இருட்டித்தான்.

"நான் போட்டுட்டே இருக்கேன். நீங்க வந்து எட்டிப் புடிச்சுக்கங்க" என்றார் அத்தை.

ஒருமுறை ஒரு படி கோணலாகிவிட்டது. மூன்று படி ஏறிய பிறகுதான் அத்தைக்கே அது கண்ணில் பட்டது. பாதி பிளேடை எடுத்து நான்கு படிகளையும் சரக்கென்று அறுத்துவிட்டார். மாமனார் ஐயோ என்று எழுந்தே விட்டார்.

"எதுக்குக் கத்தறீங்க? பிரிக்கறதுக்கு அழுதுட்டு இருந்தா கடையில ஒரு சட்டை வெளிய போவாது."

அத்தை தன் பக்கத்தை உச்சிவரை முடித்த வாரம் நாங்களும் போயிருந்தோம். "என் பக்கம் ஆச்சு. உங்கப்பாவைக் கேளு, அவர் பக்கம் எப்பன்னு" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார். அடுத்த வாரம் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

மாமனார் அழவில்லை. அழுகையை அடக்கியவர் மாதிரியும் தெரியவில்லை. எங்கேயோ ஒரு குழாயை மூடிவிட்டுப் போனவர் போல இருந்தார். கொஞ்ச நாளில் லேபுக்குப் போகத் தொடங்கினார். அவர் செய்த பற்களில் ஒரு குறையும் வரவில்லை. டாக்டர்கள் யாரும் எதையும் திருப்பி அனுப்பவில்லை. கூப்பிட்டால் மூன்றாவது தடவை திரும்பிப் பார்ப்பார். தட்டில் என்ன வைத்தாலும் சாப்பிடுவார். வைக்க மறந்தால் கேட்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மெல்லிய தூரிகையால் கப்பலைத் தூசி தட்டுவார். வலப்பக்கம் ஒரு முடிச்சுகூடப் போடவில்லை.

அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தவர் அத்தையின் தம்பி. ரயில்வே பார்சல் ஆபீஸில் மூட்டை கட்டுபவர். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் 'பார்சல்'தான். என் மனைவி 'பார்சல் மாமா' என்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "கட்டி அனுப்பறதுதான் என் வேலை, கட்டிக்கறது இல்ல" என்பார்.

அந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது அவர் மட்டும்தான்.

"கடல் தண்ணி கால்ல படாத மாலுமி எங்க மச்சான் ஒருத்தர்தான். என்ன மச்சான், இன்னிக்குக் கப்பல் எந்தத் துறைமுகத்துல நிக்குது?"

"ம்."

"ம்-ங்கற ஊரா? நல்ல ஊர்தான். பேச்சு வார்த்தைக்கு அங்க வரி போடறாங்க போல." பிறகு என் பக்கம் திரும்புவார். "இவரும் அந்த ஊருக்கே மருமகனா வந்து வாய்ச்சிருக்காரு. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா மாப்ளே?"

நான் சிரிப்பேன். மாமனார் என் பல்லைப் பார்ப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின.

ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது கப்பலின்மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. மாமனார் கடைக்குப் போயிருந்தார். பார்சல் நடையாக நடந்துகொண்டிருந்தார்.

"இரு, இரு, தொடாத. உங்கப்பன் வரட்டும்."

மாமனார் வந்து பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. பார்சல் துண்டை உருவினார்.

வலப்பக்க ஏணி உச்சிவரை முடிந்திருந்தது.

"ஒரு வாரம் மச்சான்! நீங்க லேபுக்குப் போனதும் உக்காந்துடுவேன். நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து தூங்கக்கூட இல்ல. சாப்புடறப்பல்லாம் இது பாதியில நிக்கறது எனக்குத் தொண்டையில அடைக்குது. அக்கா போட்டத பாத்துப் பாத்துத்தான் போட்டேன். இழுத்துப் பாருங்க, எந்த முடிச்சாவது அசையுதான்னு. வண்டியில ஏத்தி மூணு ஊர் தாண்டினாலும் அசையாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொட்டுப் பசை வேற."

என் மனைவி சந்தோஷத்தில் கை தட்டினாள். எனக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மாமனார் லேபில் மாட்டும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தார். வலப்பக்கத்தை அதிகம் பார்க்கவில்லை. சுற்றி வந்து இடப்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்குடா" என்றார். கடைக்குப் போய்வந்த கையைக் கழுவப் போனார்.

பார்சலுக்கு அது போதும். அன்று முழுக்க அவர் வாய் ஓயவில்லை. மாமனார் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். குழாய்ச் சத்தம் அந்த அறைவரை கேட்டது.

என்ன நடந்திருக்கிறது என்று அடுத்த ஞாயிறு எங்களுக்கே தெரிந்தது. ஏணியின் படி காஜாவின் நூல் மாதிரி, இடம் விட்டு உட்கார வேண்டும். பார்சலுக்கு இடம் விட்டுக் கட்டியே பழக்கமில்லை. தளர்ந்த முடிச்சு அவர் ஆபீஸில் அவமானம். ஒவ்வொரு படியையும் மூட்டை கட்டுவது போல் இழுத்துக் கட்டியிருந்தார். வலப்பக்கக் கயிறுகள் நடுவில் ஒன்றை நோக்கி ஒன்று ஒடுங்கி, இடுப்பு சிறுத்துவிட்டன. அந்தப் பக்கம் இழுத்த இழுப்புக்கு, உச்சியில் இன்னும் கட்டாமல் விட்டிருந்த கயிறுகள் வழுக்கிக்கொண்டு போயிருந்தன. ஒரே கயிறுதானே. வலப்பக்கம் எடுத்துக்கொண்டதை இடப்பக்கம் கொடுத்திருந்தது. அத்தை மட்டம் பார்த்துப் போட்ட படிகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக ஏறி நின்றன, காற்றில் தூக்கிய கொடித்துணி மாதிரி. மரமும் லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இது முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சாப்பா?" என்றாள் என் மனைவி, இடப்பக்கத்தைக் காட்டி.

மாமனார் பதில் சொல்வதற்குள் பார்சல் சமையலறையிலிருந்து வந்துவிட்டார். "எது இப்படி இருந்துச்சா?"

என் மனைவி காட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். அவரே வந்து குனிந்து பார்த்தார். இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். பார்சல் ஆபீஸில் கோணலான மூட்டையைத் தூரத்திலேயே கண்டுபிடிப்பவர்.

"நான் கட்டினதாலயா மச்சான்?"

"விடுடா."

"அவுத்துடறேன். இப்பவே அவுத்துடறேன்."

"பசை போட்டிருக்கியே. நூல் கம்பி மாதிரி ஆயிடுச்சு. வளைஞ்ச வாக்குல காஞ்சிடுச்சு."

"வெட்டிட்டு வேற கயிறு போடலாம்ல? இந்தப் பக்கம் மட்டும்?"

மாமனார் விரலால் ஒரு கயிற்றைத் தொட்டு, அப்படியே மேலே கொண்டுபோய், உச்சியைச் சுற்றி, மறுபக்கம் கீழே இறக்கிக் காட்டினார். எங்கும் விரலை எடுக்கவில்லை.

பார்சல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். அக்காவின் காரியம் நடந்த அன்றுகூட அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு.

"அப்படியே இருக்கட்டும்பா" என்றாள் என் மனைவி. "கோணலா இருந்தா என்ன? அம்மா கை பட்டது வேற எது இருக்கு வீட்டுல? புடவையெல்லாம் யார் யாருக்கோ குடுத்தாச்சு. அவங்க எடுத்த காஜால்லாம் ஊர்ல யாரோ போட்டுக்கிட்டு சுத்தறாங்க. இது ஒண்ணுதான்."

"ம்" என்றார் மாமனார்.

அந்த வாரம் கப்பல் தானாகவே இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. இடது விளிம்பில் கயிற்றைப் பிடித்திருந்த பருப்பளவு மரத்துண்டு ஒன்று பிளந்துகொண்டது. பார்சல் போனில் என் மனைவியிடம் சொன்னார்: "சாப்புட உக்காந்தா அது என்னையே பாக்குதும்மா. தட்டை எடுத்துட்டு மாடிப்படிக்குப் போயிடறேன். உங்கப்பா ஒரு வார்த்த திட்டினா நல்லாருக்கும். திட்ட மாட்டேங்கறாரே. உப்பு இல்லன்னாகூட சொல்ல மாட்டேங்கறாரே."

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது வாசலில் அவருடைய பெட்டி இருந்தது, நான்கு பக்கமும் கயிறு போட்டுக் கட்டி.

"ஆபீஸ் குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் காலியா இருக்காம்" என்றார். "இங்க இருந்துட்டு என்ன பண்றேன் நான்? இருக்கறதையும் கெடுக்கறேன்."

மாமனார் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டர் தாடைகளை அடுக்கும் வெள்ளைத் தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். மெழுகு செதுக்கும் கத்தியை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கத்தி இடப்பக்கம் போனபோதுதான் என் மனைவிக்குப் புரிந்தது.

"அப்பா, வேணாம்பா."

கத்தி நின்றது.

"அப்பா, அது அம்மாவுது."

"தெரியும்மா."

"அப்புறம் ஏன்? கோணலாவே இருந்துட்டுப் போவட்டுமே."

மாமனார் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதற்குள்ளிருந்து கண் பெரிதாகத் தெரிந்தது. "உங்கம்மா இருந்தா இத ஒரு வாரம் விட்டு வச்சிருப்பாளா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கப்பலைப் பார்த்தேன். பாதி பிளேடால் நான்கு படிகளை அறுத்தபோது அவளும் அங்கேதான் இருந்தாள்.

அவர் அறுத்தார். முதலில் விளிம்பில், பிறகு உச்சியில். ஒவ்வொரு கயிறு அறும்போதும் நகம் வெட்டுவது போல ஒரு சத்தம் வந்தது. கடைசிக் கயிறு அறுந்ததும் மரம் ஒருமுறை ஆடி நேராக நின்றது. இடப்பக்க ஏணி அப்படியே கழன்று வந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்தி வெள்ளைத் தட்டில் வைத்தார். உள்ளங்கை நீளம்தான் இருந்தது. பின்னாலேயே கழன்ற வலப்பக்க ஏணியை அதன்மேல் வைக்கவில்லை. அதைச் செய்தித்தாளில் போட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, அதையும் எடுத்துத் தட்டிலேயே ஓர் ஓரமாக வைத்தார்.

பார்சல் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முடிச்சுகளின் நுனிகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன, நாம் வலதுகையால் போட்டால் எந்தப் பக்கம் திரும்புமோ அதற்கு எதிராக.

"இதே மாதிரி போட முடியுமாப்பா உங்களால? அம்மா போட்ட மாதிரி, மாத்தி?"

"முடியும்."

அவரால் முடியும் என்பது எங்களுக்கும் தெரியும். முன்பல் ஒன்று போய்விட்டால், பக்கத்தில் மிஞ்சிய பல்லைப் பார்த்து அதைத் திருப்பிப் போட்டுப் புதிய பல்லைச் செய்வதுதான் அவர் தினமும் செய்யும் வேலை. எது பிறவிப் பல், எது அவர் செய்தது என்று பல் கட்டிக்கொண்டவருக்கே தெரியாது.

"அப்போ அப்படியே போடுங்களேன்."

மாமனார் புதுக் கயிற்றை மெழுகில் இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு கயிறு முடிந்து அடுத்ததை எடுத்த பிறகுதான் சொன்னார்.

"போட்டுடலாம். ரெண்டு வருஷம் போனா இது அவ போட்டதா நான் போட்டதான்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

அவள் தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

புதுக் கயிறுகளை இட விளிம்பிலிருந்து உச்சி சுற்றி வல விளிம்புக்கு ஒவ்வொன்றாக இறக்கி முடிக்க மதியம் ஆனது. யாரும் எதுவும் சமைக்கவில்லை. பார்சல் ஒரு தடவை பெட்டியைத் தூக்கினார், பிறகு கீழே வைத்தார், கட்டியிருந்த கயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"எத்தன மணிக்குடா ரயில்?" என்றார் மாமனார், தலையைத் தூக்காமல்.

"ரயிலா? இந்தப் பக்கம் நாலு தெருதான் மச்சான் குவார்ட்டர்ஸு. நடந்தே போலாம்."

"அப்ப நாளைக்குப் போலாம்ல. இங்க வா. அந்தப் பக்கம் உக்காரு."

அந்தப் பக்கம் என்றது ஜன்னல் பக்கத்தை. ஒரு வருடமாக அந்த நாற்காலியில் சலவைத் துணிதான் இருந்தது. பார்சல் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். உட்கார்ந்தார். உட்காரவும் பயந்தவர் போல முதுகு சாயாமல் இருந்தார்.

"என்னால கெடும் மச்சான்."

"நான் ஒண்ணு போடுவேன். நீ ஒண்ணு போடு. நான் முடிக்கறவரைக்கும் நீ தொடக் கூடாது. நீ முடிக்கறவரைக்கும் நான் தொட மாட்டேன்."

"இறுக்கிடுவேனே."

"இறுக்காத."

பார்சல் நூலை எடுத்தார். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன விரல்கள். நூல் இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை முடிச்சு விழுந்தது. கை தானாக இழுக்கப் போனது.

"விடு."

"விட்டா கழண்டுடும்."

"கழலாது. விடு."

விட்டார். முடிச்சு கயிற்றின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. பார்சல் அதையே பார்த்தார். "ஆபீஸ்ல யாராவது பாத்தா வேலையை விட்டே தூக்கிடுவாங்க" என்று முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை. மாமனார் மட்டும் தலையைத் தூக்கி, அவர் பல்லைப் பார்க்காமல், முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான்.

என் மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் சலவைத் துணியோடு நின்றுகொண்டிருந்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மாமனார் தன் பக்கம் ஒரு முடிச்சு போட்டார். சிறு இடுக்கியைக் கீழே வைத்துக் கையைக் கட்டிக்கொண்டார். எதிர்ப்பக்கம் நூல் மறுபடியும் நழுவியது. அவர் காத்திருந்தார்.